காகிதப்பூவைக் கொஞ்சம் பட்டினி போடுங்கள்

கேள்வி: மொட்டை மாடியில் தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி காகிதப்பூத் தொட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறேன். ஐப்பசியிலிருந்து இலை தழைத்துக் காடாக நிற்கிறதே தவிர, பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். நர்சரியில் ஆசையாக வாங்கிய அடீனியம் அடியில் கொழகொழவென்று ஆகிவிட்டது. டிசம்பர் பூ மட்டும்தான் பூத்துத் தள்ளுகிறது. என்ன உரம் போடலாம், ஐயா?
– வாசகி, தாம்பரம்

பதில்: உரம் எதுவும் வேண்டாம் அம்மா. முதல் வேலையாகப் புண்ணாக்கை நிறுத்துங்கள். அதிலிருப்பது பெரும்பாலும் தழைச்சத்து. கீரைக்கு அது விருந்து. காகிதப்பூவோ அதைத் தின்று இலையாக விட்டுக்கொண்டே போகும். போதாததற்கு வடகிழக்குப் பருவமழை வேறு. சென்னைப் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. வேரில் ஈரம் காயாதவரை அந்தச் செடிக்குப் பூக்கும் நினைப்பே வராது. பிரேசில் பக்கத்துக் கொடி அது. 1767-இல் ரியோ டி ஜெனிரோ அருகே பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொம்மெர்சோன் அதைக் கண்டு, தன் கப்பல் தலைவர் பூகன்வில்லின் பெயரைச் சூட்டினார். காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருந்தால்தான் அதற்குப் பிடிக்கும்.

இன்னொரு சங்கதி, நீங்கள் தொட்டி வைத்திருக்கும் இடம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். மூன்றடி உயரக் கைப்பிடிச் சுவர் என்றால் நடுப்பகலிலேயே இரண்டடிக்கு மேல் நிழல் விழும். சித்திரையில் உச்சி வெயில் தலைக்கு நேரே இறங்கும்போது அந்த இடம் சரி. இப்போது உங்கள் தொட்டிகள் நாள் முழுக்க நிழலில் கிடக்கின்றன. வடக்குச் சுவரோரமாக மாற்றுங்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் நேர் வெயில் படவேண்டும்.

மழை நின்றதும் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள். புதுத் துளிரில்தான் பூ வரும். பிறகு இலை லேசாகத் துவளும்வரை தண்ணீர் காட்டாதீர்கள். துவண்டதும் ஒரு முறை நன்றாக ஊற்றிவிட்டு மறுபடி காயவிடுங்கள். துளிர் நுனியில் நிறம் தட்டியதும் பழையபடி தண்ணீர் கொடுங்கள். அப்போதும் காயவிட்டால் மொட்டு கொட்டிவிடும். வேர் தொட்டியை அடைத்துக்கொண்டிருந்தால் பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள். இடம் கிடைத்தால் மறுபடி இலைதான். மாசி, பங்குனியில் பாருங்கள், இலை தெரியாமல் பூக்கும்.

அடீனியம் கதை வேறு. அது கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்து வறண்ட நிலத்துச் செடி. குண்டான அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நர்சரியில் அதைப் பெரும்பாலும் தென்னை நார்க் கழிவில் வைத்துத் தருகிறார்கள். விற்கும்வரை சௌகரியம், அடைமழையில் ஆபத்து. கட்டைவிரலால் அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போனால் அழுகல். செடியைப் பிடுங்கி மண்ணை உதறி, பழுப்பு நிறமான சதையை எல்லாம் கத்தியால் சீவி எடுங்கள். வெள்ளையாக, கெட்டியாக வரும்வரை விடாதீர்கள். பழுப்பு சுற்றிலும் பரவியிருந்தால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். தேறினால், ஒரு வாரம் நிழலில் வெட்டுவாய் காயட்டும். பிறகு பாதிக்குப் பாதி பருமணல் கலந்த மண்ணில் வைத்து, இன்னும் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் இருங்கள். அதன் பால் விஷம்; கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். அடுத்த ஐப்பசிக்கு முன்பே சன்ஷேடுக்குக் கீழே தள்ளி வைத்துவிடுங்கள்.

டிசம்பர் பூ நம் நாட்டுச் செடி, இந்தப் பருவம்தான் அதன் பருவம். வாசனை இல்லாவிட்டால் என்ன, கனகாம்பரத்தோடு சேர்த்துத் தொடுத்தால் அந்த ஊதாவுக்கு ஈடில்லை. பூத்து ஓய்ந்ததும் பாதிக்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய குச்சிகளை ஈர மணலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.