பள்ளி திரும்பும் பிள்ளைகளும் அவர்தம் ஆசிரியரும்

செங்கற்சூளையிலும் ஆட்டுக்கிடையிலும், தம்பி தங்கையரைக் காத்தபடி வீட்டுத் திண்ணையிலும் பால்யத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, பத்து வயதிலோ பன்னிரண்டு வயதிலோ முதன்முறையாக எழுத்தின் எதிரே வந்து உட்காரும் குழந்தைகளுக்கென்று நம் மாநிலத்தில் சிறப்புப் பயிற்சி மையங்கள் நடைபெற்று வருகின்றன. இவற்றுக்கு உதவ விரும்பும் அன்பர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர், கல்லூரி மாணவர் எனப் பலதிறத்தாராகிய இவர்கள், எங்கே கைகொடுப்பது என்று தெரியாமையால், நோட்டுப் புத்தகமும் இனிப்பும் வழங்கிய திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்காரியம், சட்டத்தை அறிந்துகொள்வது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராத அல்லது இடைநின்ற குழந்தையை அதன் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், உடன்படிக்கும் பிள்ளைகளுக்கு ஈடாக நிற்பதற்கான சிறப்புப் பயிற்சியைப் பெற அதற்கு உரிமை உண்டு என்றும் கூறுகிறது. பதினொரு பிராயச் சிறுவனை அகரம் தெரியாத காரணத்தால் ஐந்து வயதுக் குழந்தைகளின் நடுவே உட்காரவைத்தால், அந்த அவமானம் தாங்காமல் அவன் சில நாட்களிலேயே சூளைக்குத் திரும்பிவிடுவான். இதை உணர்ந்தே சட்டம் இவ்வாறு வகுக்கப்பட்டிருக்கிறது. பயிற்சிக்காலம் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு என்று மத்திய அரசின் விதிகள் வரையறுக்கின்றன. ஆகவே மையத்துக்குச் சென்றதும், ஒவ்வொரு குழந்தையின் பெயரும் அருகிலுள்ள பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும், 'எமிஸ்' எனப்படும் கல்வித் துறையின் இணையப் பதிவிலும் ஏறியிருக்கிறதா என்று விசாரியுங்கள். பெயர் ஏறாத குழந்தைக்குப் பாடநூலும் சீருடையும் மதிய உணவும் பிறர் தயவாகவே இருக்கும்; ஏறிவிட்டால் அவை அதன் பாத்தியதை.

அடுத்தபடியாக ஆசிரியரைக் கவனிக்க வேண்டும். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், குழந்தைகளிடம் இரக்கம் காட்டுவோரில் பலர் ஆசிரியரை மறந்துவிடுகிறார்கள். பொதுவாக இம்மையங்களில் தொகுப்பூதியமோ மதிப்பூதியமோ பெறும் ஓர் ஆசிரியர், எழுத்தே அறியாத குழந்தையையும், கூட்டி வாசிக்கும் குழந்தையையும், மூன்றாம் வகுப்பில் நின்றுபோன குழந்தையையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு கற்பிக்கிறார். அத்துடன், வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போவதும் அவர் கடமையே. அவர் வெளியே சென்றால் அறையிலுள்ள பிள்ளைகளுக்குத் துணையில்லை. செல்லாவிட்டால் வராத பிள்ளை மறுபடியும் வேலைக்குப் போய்விடும். இந்த நெருக்கடியிலிருந்து அவரை விடுவிப்பதே நீங்கள் செய்யக்கூடிய முதன்மையான உபகாரம். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இரண்டு மணி நேரம், அவருக்கு மாற்றாக நீங்கள் அறையில் இருப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள், ஒப்புக்கொண்டபின் தவறாதீர்கள். அந்நேரத்தில் கதை வாசித்துக் காட்டலாம். எழுதிய நோட்டுகளைப் பார்த்துத் தரலாம். பாடத்திட்டத்தை மாற்றும் பிரயத்தனத்தில் மட்டும் இறங்க வேண்டா.

ஆசிரியரை அணுகும் முறையிலும் நிதானம் அவசியம். சோதிக்க வந்த அதிகாரியைப்போல் வினவாமல், "டீச்சர், இந்த வாரம் எந்தப் பிள்ளை உங்களுக்குக் கவலை தருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். அவருடைய ஊதியம் தாமதப்பட்டால், வட்டார வள மையத்துக்கு அவரைத் தனியே அனுப்பாமல், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடும் எழுத்து மூலமான விண்ணப்பத்தோடும் இருவராகச் சேர்ந்து செல்லுங்கள். பக்கத்து மையங்களின் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவதற்கு ஓர் இடமும் தேநீரும் ஏற்பாடு செய்ய முடியுமானால், எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத பலன் அதில் கிடைக்கும்.

கற்பித்தலைப் பொறுத்தவரை, குழந்தை எதை அறிந்து வந்திருக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஆகையால் அங்கிருந்து வரும் பிள்ளைக்கு ஆயிரம் என்பது வெறும் எண்ணாக இராது. வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று பெற்றோர் பேசுவதைக் கேட்டு வளர்ந்த அப்பிள்ளைக்குக் கழித்தலை அந்தக் கணக்கிலிருந்தே கற்பிக்கலாம். வீட்டுமொழியையும் அலட்சியம் செய்யலாகாது. நரிக்குறவர் குழந்தைகள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. ஒடிசாவிலிருந்து சூளைகளுக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் பேசுவது ஒடிய மொழி. அவர்களுடைய மொழியில் இருபது முப்பது சொற்களை ஆசிரியர் கற்றுக்கொள்ள, அச்சமூகத்துப் பெரியவர் ஒருவரை அவருக்கு அறிமுகப்படுத்தி வையுங்கள். பல நிலைப் பிள்ளைகள் ஒருங்கே இருக்கும் அறைக்கு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலின் அட்டைகளும் ஏணிப்படியும் இன்றும் நல்ல கருவிகள் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற படியிலிருந்து மேலேறும். பக்கத்துப் பிள்ளையோடு போட்டியிட வேண்டியதில்லை. பழைய அட்டைகள் அருகிலுள்ள பள்ளியின் அலமாரியில் கிடக்குமானால் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் தடித்த காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

சான்றிதழ்களுக்கான அலைச்சலையும் நீங்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். பழங்குடிச் சாதிச் சான்றிதழைத் தருபவர் கோட்டாட்சியர். விசாரணைக்குக் காலம் பிடிக்கும். இருளர் குழந்தைகளுக்கும், 2023இல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்த நரிக்குறவர் குழந்தைகளுக்கும் இந்த விண்ணப்பத்தை, உதவித்தொகைக்குத் தேவைப்படும் கடைசி வாரம் வரை ஒத்திப்போடாமல், மையத்தில் சேர்ந்த மாதத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வந்து சேரவில்லை என்றோ சேர்க்கையை மறுக்கலாகாது என்பதும் சட்டமே. மறுக்கும் இடத்தில் அதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். குடும்பம் எந்த மாதத்தில் சூளைக்குப் புறப்படும் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிந்து, அக்காலத்தில் பிள்ளை உண்டு உறைவிட மையத்தில் தங்குமா, சூளைக்கு அருகிலுள்ள பள்ளிக்குச் செல்லுமா என்பதைப் பெற்றோரோடு கலந்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு சிரத்தையும் பயனற்றுப் போகக்கூடிய காலம் ஒன்று உண்டு. மையத்தை விட்டுக் குழந்தை முறையான வகுப்பிற்குள் நுழைந்தபின் வரும் முதலாண்டே அது. மையத்தில் அதன் பெயரையும் பசியையும் அறிந்த ஓர் ஆசிரியர் இருந்தார். பெரிய வகுப்பில் நாற்பது பேரில் ஒருவராக அது பின்வரிசைக்குப் போய்விடுகிறது. வகுப்பில் சேர்ந்தபின்னும் பாடத்திலும் மனத்திலும் பிறரோடு ஒன்றும்வரை ஆசிரியர் தனிக்கவனம் செலுத்த வேண்டும் என்று விதிகளே கூறியிருந்தும், அந்த விதியை நினைவில் வைத்திருப்போர் குறைவு. எனவே மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே, மதிய உணவுக்கும் விளையாட்டு வேளைக்கும் குழந்தையை அப்பள்ளிக்கு அழைத்துச் சென்று பழக்குங்கள். மைய ஆசிரியரையும் வகுப்பாசிரியரையும் ஒருமுறையேனும் சந்திக்கச் செய்து, குழந்தை எதில் தேர்ந்தது, எதில் தடுமாறுகிறது, எதற்கு அஞ்சுகிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதி ஒப்படைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு அருகில் வசிக்கும் வகுப்புத்தோழர் ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு ஓராண்டு முழுவதும், மாதம் ஒருமுறை தலைமையாசிரியரின் அனுமதியோடு வருகைப்பதிவைப் பாருங்கள். இடையில், பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்று தெரியவந்தால் அன்று மாலையே வீட்டுக்குச் செல்லுங்கள். கண்டிக்கப் போகாமல் விசாரிக்கப் போக வேண்டும். நோயோ கடனோ தங்கையின் பிறப்போ ஏதேனும் ஒரு காரணம் அங்கே காத்திருக்கும்.

கடைசியாக ஒன்று. எட்டாம் வகுப்பை முடிக்குமுன் பதினான்கு வயது கடந்துவிட்டது என்று கூறிச் சில பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்படுவதுண்டு. வயதுக்கேற்ற வகுப்பில் இவ்வாறு சேர்க்கப்பட்ட குழந்தை, பதினான்கு வயதுக்குப் பிறகும், எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை இலவசமாகக் கற்க உரிமையுடையது என்று 4ஆம் பிரிவே கூறுகிறது. அப்படி அனுப்பப்பட்ட பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், அதன் பெற்றோரை அழைத்துக்கொண்டு நாளைக் காலையே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.