மலையின் பெயரோடு போகட்டும்: ஊவாவின் இளம் டீமேக்கருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கராகப் பொறுப்பேற்கும் உங்களிடம் ஒரே ஒரு யோசனையை வலியுறுத்த விரும்புகிறேன். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் உங்கள் கையில் தேறும் மிகச் சிறந்த தேயிலையில் ஒரு பங்கையாவது வேறெதனுடனும் கலக்காமல் விடுங்கள். தோட்டத்தின் எந்த மலையில், எந்த நாளில் பறித்த கொழுந்து என்ற விவரத்தோடு அது குடிப்பவர் கைக்குப் போய்ச் சேர வழி தேடுங்கள். இதை வெறும் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊவாத் தேயிலையின் பிழைப்பும் உங்கள் தொழிலின் மதிப்பும் இதில் அடங்கியிருக்கின்றன என்பதே என் வாதம்.

இதற்கு முன்னுதாரணம் மால்ட் விஸ்கியில் இருக்கிறது. குடியை உயர்த்திப் பேச இதை எடுக்கவில்லை. சாராயம் நம் லயக் குடியிருப்புகளில் செய்த கேடு எனக்குத் தெரியும். அந்தத் தொழில் நடந்து வந்த பாதையை மட்டும் பாருங்கள். ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்தது சிங்கிள் மால்ட். அதிலும் ஒரே பீப்பாயிலிருந்து போத்தலில் அடைத்தது சிங்கிள் காஸ்க். ஒரு பீப்பாய்க்குச் சில நூறு போத்தல்களே தேறும். பீப்பாயின் எண்ணும் வடித்த ஆண்டும் போத்தலிலேயே இருக்கும். இது ஆதிகால மரபு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்கொட்லாந்தின் வடிசாலைகள் பெரும்பாலும் நீண்ட காலம் கலவை வியாபாரிகளுக்கே சரக்கு அனுப்பின. குடித்தவருக்கு அவற்றின் பெயர் தெரியாது. 1963 இல்தான் கிளென்ஃபிடிக் தன் சிங்கிள் மால்ட்டை வெளிநாடுகளில் முனைப்போடு விற்கத் தொடங்கியது. 2004 இல் பெங்களூரின் அம்ருத், தன் மால்ட்டை கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தது. ஸ்கொட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூர் வெப்பத்தில் 10 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். அதே வெப்பம் சரக்கை விரைவில் முதிரவும் வைக்கிறது. நட்டம் என்று கருதப்பட்ட தட்பவெப்பத்தையே அவர்கள் தங்கள் அடையாளமாக்கிக் கொண்டார்கள்.

ஊவாவின் கதையும் அப்படித்தான். தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. ஈரமின்றித் தவிக்கும் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. கொழுந்தில் மணப்பொருள்கள் செறிகின்றன. அவற்றுள் முக்கியமானது மெதில் சாலிசிலேட். வலித் தைலத்தில் நாம் அறிந்த அந்தக் குளிர்ந்த நெடிதான் ஊவாப் பருவத் தேயிலையின் முத்திரை. டார்ஜிலிங், சீனத்தின் கீமுன் ஆகியவற்றோடு ஊவாவையும் சேர்த்து உலகின் மூன்று பெருந்தேயிலைகள் என்று ஜப்பானில் சொல்வார்கள். ஆனால் 1890 இல் அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் உலகப் புகழ் பெற்றது கலவைப் பொட்டலங்களால். தோட்டத்தின் பெயர் பொட்டலத்துக்குள் கரைந்துபோனது. 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் தோட்டத்தின் மார்க்கும், தொகுதியைக் குறிக்கும் இன்வொய்ஸ் எண்ணும் தரகருக்கும் வாங்குபவருக்கும் தெரிகின்றன. ஏலம் முடிந்த பிறகு அந்த விவரம் குடிப்பவரைச் சென்றடைவதில்லை. டார்ஜிலிங் தோட்டங்களோ இன்வொய்ஸ் எண்ணையே விற்பனைப் பெயரின் பகுதியாக்கிவிட்டன. நமக்கும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவையில்லை. இருக்கும் பதிவைத் தொலைக்காமல் கடைசிவரை கொண்டுபோனால் போதும்.

அதற்கு ஸ்டோரில் உங்கள் பொறுப்பு என்ன? இல்லாத மணத்தை எந்த டீமேக்கரும் சேர்க்க முடியாது. காற்றும் செடியும் பறித்த கையும் கொடுத்ததைத் தொலைக்காமல் இருப்பதே உங்கள் கலை. 1 கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்து சாக்கில் நெரிந்து சூடேறினால், பின்னால் எந்த இயந்திரமும் அதைச் சரிசெய்யாது. கச்சான் நாளில் கொழுந்து ஏற்கெனவே ஈரம் குறைந்து வருகிறது. மழை நாளின் வாட்டும் நேரத்தை அதற்கு அப்படியே பொருத்த முடியாது. நொதிக்க விடும் நேரத்தை நீட்டினால் நிறமும் திடமும் கூடும், மணமும் துலக்கமும் குறையும். ஆகவே ஒவ்வொரு நாளும் மலையின் எண், பறித்த நேரம், வாட்டிய நேரம், அறையின் ஈரப்பதம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அந்தப் பதிவேடு இல்லாமல் ‘ஒரே மலைத் தேயிலை’ என்று எழுதுவது வெறும் விளம்பரம்.

மறுப்புகள் வரும். கலப்பதும் ஒரு கலைதானே, ஆண்டு முழுவதும் ஒரே சுவையைத்தானே மக்கள் கேட்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் நல்ல கலவைக்கே தனித்தன்மையுள்ள தேயிலைகள் வேண்டும். எல்லா ஸ்டோரும் நடுத்தரச் சுவைக்கே செய்தால், கலப்பவர் கலக்க எதுவும் மிஞ்சாது. தோட்டம் கிலோக் கணக்கில்தான் பிழைக்கிறது என்பது இரண்டாவது மறுப்பு. நான் கேட்பது சில வாரங்களின் சிறந்த பங்கை மட்டும். 2013 இல் 34 கோடி கிலோவாக இருந்த இலங்கையின் உற்பத்தி, 2021 இன் இரசாயன உரத் தடைக்குப் பின் 2022 இல் ஏறக்குறைய 25 கோடிக்கு இறங்கியது. கென்யாவோ 50 கோடியைத் தாண்டுகிறது. அளவில் போட்டியிட்டு நாம் வெல்லப் போவதில்லை. விஸ்கி பீப்பாயில் முதிரும், தேயிலை தட்டில் கிடந்தால் மங்கும் என்பது மூன்றாவது. அதனால்தான் பறித்த நாளைக் குறிக்கச் சொல்கிறேன். அந்தத் திகதி வியாபாரியை விரைந்து விற்க வைக்கும். குடிப்பவருக்கு உண்மையைச் சொல்லும்.

கடைசி மறுப்பே கனமானது. மலையின் பெயருக்கு விலை கூடினாலும் கொழுந்து பறிப்பவருக்கு என்ன கிடைக்கும்? நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாய்க்கும் 2024 இல் 1350 ரூபாய்க்கும் வருவதற்கே எத்தனை போராட்டம் வேண்டியிருந்தது! 2014 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதுதான் பலருக்கு அந்த இடத்தின் பெயரே தெரிந்தது. பெயரை அச்சிட்டால் நீதி தானாக வந்துவிடாது. சம்பளத்தைச் சட்டமும் சங்கமும்தான் தீர்க்க வேண்டும். ஆனால் பெயரற்றிருப்பது இந்த மக்களுக்கு ஒருநாளும் உதவியதில்லை. பொட்டலத்தில் மலையும் திகதியும் இருந்தால், அன்று பறித்தவர் யார், அவருக்கு என்ன கொடுத்தீர்கள், அவர் எங்கே குடியிருக்கிறார் என்று வாங்குபவர் கேட்க முடியும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கணக்கு அதற்குச் சாட்சி சொல்லும். கூடுதல் விலையில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருங்கள். பங்கு கொடுக்காமல் பறிப்பவரின் படத்தை மட்டும் பொட்டலத்தில் போடச் சொன்னால், அதற்கு உடன்படாதீர்கள்.

இனி வரும் பருவத்திலேயே தொடங்குங்கள். ஒரு மலை, ஒரு நாள், ஒரு பதிவேடு போதும். அந்த மலையின் கொழுந்து அன்று சரியாக அமையவில்லை என்றால் பெயரைப் போடாமல் கலவைக்கு அனுப்பிவிடுங்கள். பொய்யாக ஒரு தடவை எழுதினாலும் அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்காது.

அன்புடன்,
உங்கள் தொழிலை மதிக்கும் ஒருவர்