கண்ணழுத்தம்: வீட்டு அளவீடும் அதன் எல்லைகளும்

நுழையும்முன்

உடல் வெப்பத்தையும் குருதியழுத்தத்தையும் வீட்டிலேயே அளந்தறியும் காலம் இது. அவ்வரிசையில் கண்ணழுத்தமும் சேர்ந்துள்ளது. கருவி காட்டும் எண் எதை உணர்த்துகிறது, எதை உணர்த்துவதில்லை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கண்ணுக்குள் நீரோட்டம்

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர்மம் ஒன்று இடையறாது சுரந்து, நுண்ணிய வடிகால்கள் வழியே வெளியேறுகிறது. சுரப்பும் வடிதலும் ஒத்திருப்பின் அழுத்தம் சீராக இருக்கும். பெரும்பாலோருக்கு அது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் அமைகிறது. வடிதல் தடைப்பட்டால் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு சிதையக்கூடும். இதனைக் கண்நீர் அழுத்த நோய் என்பர். இந்நோய் பெரும்பாலும் வலியின்றி வளர்வது. ஓரப் பார்வையையே முதலில் கவர்வது. ஆதலால் நோயுற்றவர் நெடுங்காலம் அதனை அறிவதில்லை. இழந்த பார்வையை மீட்க இயலாது. எஞ்சியதைக் காக்க இயலும்.

விரலிலிருந்து கருவிக்கு

முற்கால மருத்துவர்கள் மூடிய இமையின்மீது விரல் வைத்துக் கண்ணின் இறுக்கத்தை உணர்ந்தனர். 1905ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் ஷியோட்ஸ் அதற்கெனக் கருவி ஒன்றை உருவாக்கினார். பின்னர்ச் சுவிட்சர்லாந்தின் கோல்ட்மன் அமைத்த கருவி, கார்னியாவை 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமாகத் தட்டையாக்கத் தேவையான விசையை அளந்தது. மருத்துவமனைகளில் இன்றும் அதுவே அளவுகோல். அதற்கு மரப்புச் சொட்டு மருந்து வேண்டும்.

வீட்டுக் கருவிக்கு அம்மருந்து வேண்டுவதில்லை. அதன் மெல்லிய முனை கார்னியாவை நொடிப்பொழுது தொட்டு மீள்கிறது. அழுத்தம் மிகுந்த கண்ணில் முனை விரைந்து மீளும். அதனைக் கொண்டு அழுத்தம் கணக்கிடப்படுகிறது.

பயனும் எல்லையும்

கண்ணழுத்தம் நாள் முழுவதும் ஒரே நிலையில் நிற்பதன்று. பலருக்கு அது விடியற்காலையில் உயர்கிறது. நண்பகலில் மருத்துவரைக் காண்போரிடம் அவ்வுயர்வு புலப்படாமல் போகலாம். வீட்டில் பல வேளைகளில் எடுத்த அளவுகள் இக்குறையை நிரப்புகின்றன.

எனினும், தடித்த கார்னியா அழுத்தத்தை மிகுத்தும் மெலிந்த கார்னியா குறைத்தும் காட்டும். கருவியைச் சாய்த்துப் பிடித்தல், இமையை இறுக்குதல், மூச்சை அடக்குதல் ஆகியனவும் அளவை மாற்றும். இவற்றினும் முதன்மையான எல்லை ஒன்றுண்டு: எண் வேறு, நோய் வேறு. 21க்குக் குறைந்த அழுத்தத்திலும் சிலருக்கு நரம்பு சிதைகிறது. மிகுந்த அழுத்தத்திலும் சிலருக்குச் சிதைவதில்லை. நரம்பை நோக்கியும் பார்வைப் புலத்தைச் சோதித்துமே மருத்துவர் முடிவு காண்பார். எண் குறைந்ததெனக் கருதிச் சொட்டு மருந்தைத் தாமே நிறுத்துவோர், தம் பார்வையையே பணயம் வைக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

கடும் கண்வலி, சிவப்பு, மங்கல், வாந்தி ஆகியன ஒருங்கே தோன்றினால், அளவெடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ‘எண் வேறு, நோய் வேறு’ – இக்கூற்றைச் சான்றுகளுடன் விளக்குக.
2. வீட்டில் அளந்தறியும் பிற உடல்நல அளவீடுகளின் பயன்களையும் எல்லைகளையும் வகுப்பறையில் கலந்துரையாடுக.