உப்புத்தாளும் பழைய பெல்ட்டும்

என் பேனாக்கத்தியைச் சாணைச் சக்கரத்தில் கொடுப்பதில்லை. நிமிடத்தில் கூர் வரும், உண்மைதான். ஆனால் மெல்லிய அலகு சூடேறினால் எஃகின் பதம் போய்விடும். தேவைக்கு மேல் உலோகமும் தேய்ந்துபோகும்.

அதற்குப் பதில், பெயின்ட் கடையில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேளுங்கள். மரத்துக்குத் தேய்க்கும் சாதா உப்புத்தாள் அல்ல. நனைத்தாலும் நைந்துபோகாத கறுப்புத் தாள், சிலிக்கான் கார்பைடு துகள் ஒட்டியது. 400, 1000, 2000 எண்களில் ஒவ்வொன்று போதும். எண் ஏற ஏறத் துகள் சன்னமாகும். தாளை நனைத்துக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் தண்ணீரே பிடித்துக்கொள்ளும்.

அலகைப் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்க்க வேண்டும் என்பார்கள். பாகைமானியை வைத்துக்கொண்டா தேய்ப்பது? அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். 15 மில்லிமீட்டர் அலகுக்கு 5. ஏறக்குறைய அந்தக் கோணம் வந்துவிடும். விளிம்பில் மார்க்கர் மை பூசி ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்புவரை அழிந்தால் சரி. மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். எப்போதும் முதுகு முன்னே போகட்டும். விளிம்பு முன்னே போனால் தாள் கிழியும்.

முக்கியமானது பிசிறு. ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்க விளிம்பில் நுண்ணிய உலோகப் பிசிறு எழும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே போகும்படி தடவினால் சொரசொரவென்று தட்டும். விளிம்போடு நீளவாக்கில் மட்டும் தடவிவிடாதீர்கள்! அடியிலிருந்து நுனிவரை பிசிறு தட்டிய பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் இப்படி ஆனபின்தான் அடுத்த தாள். ‘எவ்வளவு தேய்த்தும் கூர் வரவில்லை’ என்பவர்களில் பலர் 400-இல் பொறுமையிழந்து 2000-க்குத் தாவியவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது பளபளக்கும் மொட்டைக்கத்தி.

சன்னத் தாளில் கையின் பாரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். விக்டோரிநாக்ஸ் போன்ற கத்திகளின் எஃகு ரொம்பக் கடினமில்லை, சீக்கிரம் மசியும்.

மிச்சப் பிசிறை எடுக்கத் தோல். பழைய பெல்ட்டைப் பலகையில் ஒட்டிக்கொள்ளலாம். ரெக்சின் ஆகாது, அசல் தோலாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பக்கம் மேலே. அதில் குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சை மெருகுக் கட்டியைத் தேய்த்துவிட்டு, முதுகு முன்னே போக மெல்ல இழுங்கள். சலூன்களில் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டியதும் இதே வேலைதான். அழுத்தினால் தோல் அமுங்கி விளிம்பை உருட்டிவிடும். இழுப்பின் முடிவில் மணிக்கட்டைத் தூக்கினாலும் அதே கதி. பூட்டில்லாத மடக்குக்கத்தி என்றால், அலகு மடங்கும் வழியில் விரலை வைக்காதீர்கள்.

செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து அறுத்துப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அந்த இடத்தில் பிசிறோ மழுங்கலோ மிச்சமிருக்கிறது. பழம் நறுக்குமுன் கத்தியைக் கழுவித் துடையுங்கள், இரும்புத் துகள் ஒட்டியிருக்கும்.

அதன்பின் லேசாக மழுங்கும்போதெல்லாம் தோல் மட்டும் போதும். அதற்கும் மசியாவிட்டால் 1000. விளிம்பு பல்பல்லாய் உடைந்தால்தான் 400-ஐ எடுக்க வேண்டும்.