பூச்சிகளில் வாழும் பற்றீரியாக்களைப் பாகுபடுத்தல்

மாணவர்களே, ஒரே வாழிடத்தில் இருப்பதால் மட்டும் இரு அங்கிகள் உறவுடையவை ஆகிவிடா. பூச்சிகளின் கலங்களுக்குள் வாழும் இரு பற்றீரியாக்களை ஒப்பிடுங்கள்.

1. வொல்பாக்கியா: 1924 இல் கியூலெக்ஸ் நுளம்பில் அவதானிக்கப்பட்டது. 1936 இல் வொல்பாக்கியா பிப்பியென்ரிஸ் எனப் பெயரிடப்பட்டது. உண்ணிகளால் பரவும் காய்ச்சலை ஏற்படுத்தும் றிக்கெற்சியாவுக்கு உறவானது.

2. புக்னெரா: அழுக்கணவனில் வாழ்வது. தாவர உரியச் சாற்றில் போதியளவு இல்லாத அமினோ அமிலங்களைத் தொகுத்து அப்பூச்சிக்கு வழங்கும். மனிதக் குடலில் வாழும் எஸ்செரிச்சியா கோலைக்கு உறவானது.

எவ்வாறு அறியப்பட்டது?
இவை வளர்ப்பு ஊடகத்தில் தனியே வளர்வதில்லை. எனவே இவற்றின் இறைபோசோம் ஆர்என்ஏ பரம்பரையலகுகள் ஒப்பிடப்பட்டன. அவை எவ்வளவுக்கு ஒத்தனவோ, அவ்வளவுக்கு உறவும் நெருக்கமானது.

பயன்
வொல்பாக்கியா உட்செலுத்தப்பட்ட ஈடிஸ் நுளம்பில் டெங்கு வைரசு பெருகுவது குறையும். 2020 இல் கொழும்பு, நுகேகொடைப் பகுதிகளில் இத்தகைய நுளம்புகள் விடுவிக்கப்பட்டன.

மாதிரி வினா
இவ்விரண்டையும் "பூச்சிப் பற்றீரியா" என ஒரே கூட்டத்தில் அடக்குவது எவ்வகைப் பாகுபாடு? காரணம் தருக.

விடை
செயற்கைப் பாகுபாடு. வாழிடம் மட்டுமே கருதப்பட்டுள்ளது; கூர்ப்பு உறவு கருதப்படவில்லை.

கவனிக்க: காரணத்தையும் எழுதினாலே விடை முழுமை பெறும்.