யாவரும் திருத்தும் வலைத்தளங்களில் வேண்டா விளம்பரத் தடுப்பு

வாசகர் எவரும் முன் அனுமதியின்றிப் பக்கங்களைத் திருத்தவும், புதியன சேர்க்கவும் இடந்தரும் வலைத்தளம் விக்கி எனப்படும். அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் என்பவர் 1995-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இம்முறையை முதன்முதலாக வலையில் வழங்கினார். 2001-இல் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா இம்முறையைத் தழுவியே வளர்ந்தது. கதவு திறந்திருப்பின் நல்லோர் மட்டுமே நுழைவர் என்று எதிர்பார்த்தல் இயலாது. வாணிக நோக்கமுடையோரும் நுழைந்து தம் விளம்பரங்களைப் பதிக்கலாயினர். ஸ்பாம் என வழங்கும் வேண்டா விளம்பரம் இதுவே.

இதனைத் தடுக்க விழைவோர், பதிப்பவரின் ஆதாயம் யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். தேடுபொறிகள் ஒரு தளத்தின் மதிப்பைக் கணிக்கையில், பிற தளங்களிலிருந்து அதற்கு வரும் இணைப்புகளையும் கருத்திற் கொள்கின்றன. ஆதலால் ஒருவர் தானியங்கி நிரலைக் கொண்டு பல்லாயிரம் விக்கிப் பக்கங்களில் தம் சூதாட்டத் தளத்தின் இணைப்பைப் புகுத்துவாராயின், அப்பக்கங்களை ஒருவருமே படியாவிடினும் தேடல் முடிவுகளில் முன்னிடம் பெற வாய்ப்புண்டு. பதிக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. நீக்குவோரோ ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்.

இவ்வாதாயத்தையே அறுக்கும் முயற்சியாக, 2005 ஜனவரியில் கூகுள் முதலிய தேடுபொறி நிறுவனங்கள் ‘நோபாலோ’ என்னும் குறியீட்டை அறிவித்தன. இக்குறியீடு தாங்கிய இணைப்பினால் தேடல் மதிப்பு கூடாது என்பது கருத்து. ஆங்கில விக்கிப்பீடியா 2007 ஜனவரியில் கட்டுரைகளின் வெளி இணைப்புகள் அனைத்திற்கும் இதனை இட்டது. நேர்மையான தளங்களும் இதனால் மதிப்பை இழந்தன என்னும் குறை நியாயமானதே. மேலும், இணைப்பைச் சொடுக்கி வரும் வாசகரையே நாடுவோர் இதனால் பின்வாங்கவில்லை.

எனவே வேறு வேலிகளும் தேவையாயின. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொல்லை மிகுந்த பக்கங்கள் அரைக் காப்புக்கு உட்படுத்தப்படுகின்றன. கணக்குத் தொடங்கி நான்கு நாட்கள் கழிந்து, பத்துத் திருத்தங்களும் செய்தவரே அவற்றைத் திருத்த இயலும். விரைந்து பதித்து விரைந்து மறையும் விளம்பரதாரர்க்கு இக்காத்திருப்பு பெருந்தடையாகும். பொறுமையுள்ள புதியவர்க்கு அத்துணைத் துன்பமன்று. 2009 முதல் அங்கு இயங்கும் திருத்த வடிகட்டி, ஐயத்திற்குரிய திருத்தத்தைச் சேமிக்குமுன்னரே சோதிக்கின்றது. இவையனைத்தினும் அடிப்படையானது பக்க வரலாறு. ஒவ்வொரு திருத்தத்தின் முன்நிலையும் சேமிக்கப்படுவதால், ஒரு மணி நேரம் முயன்று செய்த கேட்டைச் சில நொடிகளில் மீட்டுவிடலாம். திறந்த தளம் நிலைத்து நிற்பதற்குப் பூட்டைவிட இவ்வசதியே பெருங்காரணம் எனலாம்.

ஒவ்வொரு வேலியும் நல்லவர் சிலரையும் வெளியே நிறுத்திவிடுகின்றது. நெளிந்த எழுத்துகளைப் படித்து எழுதச் சொல்லும் காப்ச்சா சோதனை பார்வையற்றோர்க்கு இடர் விளைத்தது. ஆங்கில எழுத்தறியாதோர்க்கும் அவ்வாறே. தானியங்கி நிரல்களோ காலப்போக்கில் அவ்வெழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டன! ஐ.பி. முகவரியைத் தடை செய்தலிலும் இவ்வபாயம் உண்டு. ஒரு பள்ளியின் கணினிகள் யாவும் வெளியுலகிற்கு ஒரே முகவரியாகத் தோன்றக்கூடும். ஒரு மாணவன் விளையாட்டாகச் செய்த குறும்பினால் பள்ளி முழுவதும் எழுத முடியாத நிலை ஏற்படும்.

வகுப்பு மாணவரை விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்றும் ஆசிரியர் இதனை முன்னரே எண்ணுதல் நன்று. ஒரே முகவரியிலிருந்து ஒரு நாளில் பொதுவாக ஆறு கணக்குகளே தொடங்க இயலும். ஏழாம் மாணவன் ஏமாற்றமடைவான். ஆகவே மாணவர் தத்தம் இல்லங்களிலிருந்து சில நாட்களுக்கு முன்னரே கணக்குத் தொடங்கலாம். பயிற்சி நாளைக் குறிப்பிட்டு, வரம்பைத் தளர்த்துமாறு தள நிருவாகிகளிடம் முன்கூட்டியே விண்ணப்பித்தலும் கூடும். முதல் நாளில் வெளி இணைப்புகளைச் சேர்க்காமல், எழுத்துப்பிழை திருத்துதல் போன்ற சிறு பணிகளைத் தருவாராயின், மாணவர் வடிகட்டியில் அகப்படார்.