டார்கெட் முடியாவிட்டால் சம்பளத்தைப் பிடிக்கலாமா?

கேள்வி: ராயபுரத்தில் கடன் விற்கும் டெலிகாலராக இருக்கிறேன். டார்கெட் முடியாத மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இரவு வரை உட்கார வைக்கிறார்கள். சொந்த சிம்மிலேயே பேசச் சொல்கிறார்கள். வேலையை விட வழியில்லை. என்ன செய்வது?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: முதலில் அந்த சிம்மை நிறுத்துங்கள், சகோதரி. விளம்பர அழைப்புகளுக்கென்று 140 வரிசை எண்கள் இருக்கின்றன. பதிவில்லாத எண்ணிலிருந்து விற்றால் இணைப்பைத் துண்டித்து, இரண்டு ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்க தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது. புகார் வந்தால் மாட்டுவது உங்கள் பெயர்தான்.

ஊக்கத்தொகையைக் குறைப்பது வேறு, பேசிய சம்பளத்தில் கைவைப்பது வேறு. டார்கெட் முடியவில்லை என்று சம்பளத்தைப் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்க முடியாது.

வேலை நியமனக் கடிதம், சம்பள ரசீது, மிரட்டும் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேமியுங்கள். தொழிலாளர் துறையில் எழுத்தில் புகார் கொடுங்கள். முடிந்தால் சக ஊழியர்களோடு சேர்ந்து கொடுங்கள். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதும் அவர்களின் குறைகளில் ஒன்று. உங்கள் குறையும் சிறியதல்ல.

தூக்கம் கெட்டு, போன் மணி கேட்டாலே நெஞ்சு படபடத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை. உதவி கேட்பது பலவீனமும் இல்லை.